டார்ச் லைட்டின் வெளிச்சத்தைக் கூட்டலாமா?

கடையநல்லூரிலிருந்து மேற்கே போகப் போக வீடுகள் குறையும். வயலும், தென்னந்தோப்பும், மாந்தோப்பும் வரும். அதற்கும் மேற்கே மலை. அந்தப் பக்கம் இராத்திரியில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் கையில் இரண்டு சாமான் இருக்கும். ஒன்று கம்பு, இன்னொன்று டார்ச் லைட்.

மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் மோட்டார் போடவும் இரவில்தான் போக வேண்டும். வரப்பில் கட்டுவிரியன் கிடக்கலாம், கண்ணாடி விரியன் கிடக்கலாம். தோப்பில் பன்றி நிற்கலாம். வடகரை, மேக்கரை, சொக்கம்பட்டிப் பக்கம் என்றால் யானையே நிற்கலாம். தென்னையையும் வாழையையும் யானை சாய்த்துப் போட்டது என்று அந்த ஊர்களின் பெயர் பத்திரிகையில் வருவது புதிதல்ல.

பாம்புக்கடி விஷயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. வருடத்துக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர். பெரும்பாலும் கிராமத்து மக்கள், அதிலும் மழைக்காலத்தில். ஆக, கையில் இருக்கும் டார்ச் நன்றாக எரிகிறதா இல்லையா என்பது சின்ன விஷயம் இல்லை.

"அப்படியானால் இருக்கிற டார்ச்சிலேயே இன்னும் பெரிய பல்பு போட்டு, சார்ஜ் ஏற்றும் பேட்டரி போட்டு, வெளிச்சத்தைக் கூட்டிவிடலாமே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கூட்டலாம். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலை என்ன, யார் கொடுப்பது, கொடுப்பது நியாயம்தானா என்பதுதான் இந்தக் கட்டுரை.

பழைய டார்ச்சுக்குள் என்ன இருந்தது?

இரண்டு கட்டை பேட்டரி போடும் பழைய பித்தளை அல்லது தகர டார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் கண்ணாடி, அதன் பின்னால் பளபளக்கும் டூம், நடுவில் ஒரு குட்டி பல்பு. பக்கத்தில் தள்ளு சுவிட்ச். பின்மூடியைத் திருகினால் ஸ்பிரிங். நல்ல டார்ச் என்றால் அந்தப் பின்மூடிக்குள் ஒரு உபரி பல்பும் உட்கார்ந்திருக்கும். பல்பு போய்விட்டால் வயல் நடுவில் நின்றே மாற்றிக்கொள்ளலாம். அதை வடிவமைத்தவன் வாங்குபவனை நம்பியிருக்கிறான்!

அதற்குப் போடும் பல்பு பெரும்பாலும் 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் முக்கால் வாட். சற்றுப் பெரிய 2.38 வோல்ட், 0.5 ஆம்பியர் பல்பே சுமார் 10 லூமன் வெளிச்சம்தான் தரும். வீட்டில் முன்பு எரிந்த 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 700 லூமன் தந்தது. கணக்கைப் பார்த்தால் டார்ச் வெளிச்சம் ஒன்றுமே இல்லை. டூம் அதைக் குவித்து ஒரே பக்கம் அனுப்புவதால்தான் வரப்பு தெரிகிறது.

இரண்டு பேட்டரி சேர்ந்தால் 3 வோல்ட் ஆயிற்றே, பல்பில் ஏன் 2.5 என்று போட்டிருக்கிறான்? காரணம் உண்டு. சாதாரண கட்டை பேட்டரி, அதாவது துத்தநாகம் - கார்பன் வகை, சும்மா இருக்கும்போதுதான் 1.5 வோல்ட். பல்பு எரிய ஆரம்பித்ததும் அதன் உள்தடை காரணமாக இறங்கிவிடும். எரிய எரிய இன்னும் இறங்கும். வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி, கடைசியில் தணல் மாதிரி நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அப்போது பேட்டரியைக் கழற்றி வெயிலில் காய வைப்பது ஊர் வழக்கம். சூட்டில் உள்ளே இருக்கும் வேதிப்பொருள்கள் சற்றுச் சுறுசுறுப்பாவதால் கொஞ்ச நேரம் எரியும். அது புது உயிர் இல்லை, கடைசி மூச்சு.

சூடான இழை

குண்டு பல்பு டார்ச்சை மாற்றியமைப்பதை வெளிநாடுகளில் ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருந்தார்கள். அதற்கு "ஹாட்வயர்" என்று பெயர். சூடான கம்பி என்று அர்த்தம். பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

டங்ஸ்டன் இழையைச் சூடாக்கினால் வெளிச்சம் வருகிறது. எவ்வளவு சூடோ அவ்வளவு வெளிச்சம், அவ்வளவு வெண்மை. ஆனால் டங்ஸ்டன் 3422 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதற்கு வெகு முன்பே ஆவியாகத் தொடங்கும். பழைய பல்பின் கண்ணாடி உள்பக்கம் கருத்துப் போயிருக்கும் அல்லவா? அது புகை இல்லை, ஆவியான டங்ஸ்டன். அதைக் குறைக்கத்தான் ஹாலஜன் பல்பு வந்தது. ஆவியான டங்ஸ்டன் மறுபடி இழைக்கே திரும்பும்படி உள்ளே ஹாலஜன் வாயு இருக்கும். அதனால் இழையைக் கூடுதலாகச் சூடாக்க முடிகிறது.

இங்கே ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பல்பில் போட்டிருக்கும் வோல்ட்டை விட 10 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தால் வெளிச்சம் ஏறக்குறைய 40 சதவீதம் கூடும். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் அதே 10 சதவீதத்துக்குப் பல்பின் ஆயுள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். 20 சதவீதம் கூட்டினால் வெளிச்சம் கிட்டத்தட்ட இரட்டிப்பு, ஆயுள் பத்தில் ஒரு பங்கு! மாறாக 10 சதவீதம் குறைத்தால் வெளிச்சம் 30 சதவீதம் குறையும், ஆயுள் மூன்று மடங்குக்கு மேல் நீளும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. வெளிச்சம் இரட்டிப்பானால் டார்ச் இரண்டு மடங்கு தூரம் அடிக்கும் என்று நினைப்பது தவறு. தூரம் இரட்டிப்பாக வேண்டுமானால் வெளிச்சம் நான்கு மடங்காக வேண்டும். எனவே 40 சதவீதம் கூட்டிய வெளிச்சம் தூரத்தில் 18 சதவீதம்தான் கூட்டித் தரும். முன்பு 50 மீட்டரில் தெரிந்த பொருள் இப்போது 59 மீட்டரில் தெரியும். அவ்வளவுதான். அந்த 9 மீட்டருக்காகப் பல்பின் ஆயுளில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுக்கிறோம்.

பேட்டரியின் மாயம்

பல்பு கதை பாதிதான். மீதி பாதி பேட்டரி.

கடையில் கிடைக்கும் நிக்கல் - மெட்டல் ஹைட்ரைடு சார்ஜ் பேட்டரியில் 1.2 வோல்ட் என்று எழுதியிருக்கும். "1.5 இருந்த இடத்தில் 1.2 போட்டால் மங்கலாகத்தானே எரியும்?" என்று தோன்றும். நடப்பது வேறு. அதன் உள்தடை மிகக் குறைவு. அதனால் ஆம்பியர் அள்ளிக் கொடுத்தாலும் 1.2-ஐ விட்டு அதிகம் இறங்காது. சார்ஜ் தீரும் வரை ஏறக்குறைய அதே நிலையில் நிற்கும். பாதி தீர்ந்த கட்டை பேட்டரியின் பக்கத்தில் வைத்தால் 1.2 ஜெயித்துவிடும். இரண்டு போட்டால் 2.4 வோல்ட். 2.38 வோல்ட் பல்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி!

ஒரு குறையும் உண்டு. கட்டை பேட்டரி சாகப் போகிறதென்றால் மணிக்கணக்கில் முன்னறிவிப்புக் கொடுக்கும். இது கொடுக்காது. நன்றாக எரிந்துகொண்டே வந்து சட்டென்று படுத்துவிடும். வயலுக்குப் போகிறவர் இன்னொரு ஜோடி சட்டைப்பையில் வைத்திருப்பது நல்லது.

இந்த இரண்டையும், அதாவது சூடான பல்பையும் உள்தடை குறைந்த பேட்டரியையும், சேர்த்ததுதான் ஹாட்வயர்காரர்களின் வித்தை. அமெரிக்காவின் மேக்லைட் டார்ச் 1979-ல் வந்தது. கெட்டியான அலுமினிய உடம்பு. மூன்று பெரிய கட்டை பேட்டரி போடும் அந்த டார்ச்சில் ஒவ்வொரு கட்டை இடத்திலும் மூன்று சின்ன பென் பேட்டரிகளைத் திணித்து, மொத்தம் ஒன்பதை வரிசையாக இணைத்தார்கள். 10.8 வோல்ட். அதில் மருத்துவக் கருவிகளுக்காகச் செய்த ஹாலஜன் பல்பு ஒன்றைப் போட்டார்கள். பல்பின் எண் 85 என்று முடிந்ததால் அந்த டார்ச்சுக்கு "மேக் 85" என்று பெயர் வந்தது. சுமார் 35 வாட் எரியும், ஏறக்குறைய அரை மணி நேரம்தான் தாங்கும். அந்த அரை மணி நேரம் கார் ஹெட்லைட்டைக் கையில் பிடித்த மாதிரி இருக்கும்.

ஒரு உள்ளூர்க் கணக்கு

அந்த வெளிநாட்டுச் சாமானெல்லாம் வேண்டாம். இங்கே கிடைப்பதை வைத்துக் கணக்குப் போடலாம். இரண்டு கட்டை போடும் அலுமினிய டார்ச். அதற்குள் ஆறு பென் பேட்டரி, எரியும்போது சுமார் 7 வோல்ட். பல்பு 6 வோல்ட், 10 வாட் ஹாலஜன். மைக்ரோஸ்கோப்பில் போடுகிற வகை.

வோல்ட் 17 சதவீதம் கூடுதல். எனவே வெளிச்சம் 1.7 மடங்கு. ஆயுள் ஆறில் ஒரு பங்கு. 100 மணி நேரம் எரிய வேண்டிய பல்பு 16 மணி நேரத்தில் போய்விடும். மின்னோட்டம் சுமார் 1.8 ஆம்பியர். 2000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எரியும்.

இப்போது சுவிட்சைப் பாருங்கள். பழைய தள்ளு சுவிட்சிலும் ஸ்பிரிங்கிலும் துருவிலும் சேர்த்து 0.2 ஓம் தடை இருந்தால் போதும். 0.3 ஆம்பியர் ஓடிய காலத்தில் அங்கே வீணானது 0.06 வோல்ட். யாருக்கும் தெரியாது. 1.8 ஆம்பியர் ஓடினால் 0.36 வோல்ட் அங்கேயே காலி. அதோடு 0.65 வாட் வெப்பம் சுவிட்சில் இறங்கும். பழைய டார்ச் மொத்தமாகத் தின்றதே முக்கால் வாட்தான்! இங்கே சுவிட்ச் மட்டுமே அவ்வளவைத் தின்கிறது. விவரம் தெரிந்தவர்கள் ஸ்பிரிங்கோடு ஒரு செப்புக் கம்பியைச் சேர்த்துப் பற்றவைப்பதும், தொடும் இடங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்வதும் இதற்காகத்தான். பல்பையே மாற்றாமல் இதை மட்டும் செய்தால்கூடப் பழைய டார்ச்சில் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது வெப்பம். 10 வாட்டுக்கு மேல் எரியும் பல்புக்கு முன்னால் பிளாஸ்டிக் கண்ணாடியும், பின்னால் பிளாஸ்டிக் டூமும் இருந்தால் உருகிவிடும். கண்ணாடிக்குக் கண்ணாடியும், டூமுக்கு உலோகமும் வேண்டும். பல்பு போடும் நேரத்திலேயே படாரென்று போய்விடுவதும் உண்டு. குளிர்ந்த டங்ஸ்டனின் தடை, சூடானதன் தடையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும். அதனால் சுவிட்ச் போட்ட முதல் நொடியில் பல மடங்கு மின்னோட்டம் பாயும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் இழை அதைத் தாங்காது. சார்ஜரிலிருந்து அப்போதுதான் எடுத்த பேட்டரியைப் போட்டால் ஆபத்து இன்னும் அதிகம்.

எல்.இ.டி. வந்த பிறகு?

நேர்மையாகப் பேசினால், வெளிச்சத்துக்காக இந்த வேலையெல்லாம் இன்று தேவையே இல்லை. நீல எல்.இ.டி. கண்டுபிடித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த நீலத்திலிருந்துதான் வெள்ளை எல்.இ.டி. வந்தது. ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்பது இன்று சாதாரணம். சாதாரண டார்ச் பல்பு வாட்டுக்கு 10 லூமன் தாண்டுவதே கஷ்டம். உயிரைக் கொடுத்து எரியும் ஹாலஜன் பல்பும் 30 லூமன் அளவில் நின்றுவிடும். போட்டி முடிந்துவிட்டது. குண்டு பல்பு தோற்றது.

குண்டு பல்புக்கு ஆதரவாக இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, மஞ்சள் வெளிச்சம் மூடுபனியையும் சாரலையும் ஊடுருவும் என்பது. குற்றாலம் சீசன் நேரத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் இதை நிறையவே சொல்வார்கள். இது சரியில்லை. சாரல் துளி, ஒளியின் அலைநீளத்தை விடப் பல மடங்கு பெரியது. மஞ்சளோ வெள்ளையோ ஒரே மாதிரிதான் சிதறும். கண் கூசாமல் இருக்க டார்ச்சை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்காமல் இடுப்பு உயரத்தில் பிடிப்பதே வழி.

இன்னொன்று நிறம். இது உண்மை. குண்டு பல்பின் வெளிச்சத்தில் சிவப்பு நிறைய இருக்கிறது. மட்டமான நீலச்சாயல் எல்.இ.டி.யில் அது குறைவு. காய்ந்த சருகும், மண்ணும், பழுப்புப் பாம்பும் அந்த வெளிச்சத்தில் ஒரே சாம்பலாகத் தெரியும். ஆனால் இதற்குத் தீர்வு ஹாலஜன் இல்லை, இளமஞ்சள் எல்.இ.டி. உள்ள டார்ச். கேட்டு வாங்கினால் கிடைக்கிறது.

அதிக வெளிச்சமே பாதுகாப்பு என்பதும் சரியில்லை. பளீரென்ற டார்ச்சை அணைத்த பிறகு கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். யானை விஷயத்தில் வெளிச்சம் ஆயுதமே அல்ல. பார்த்தால் விலகிப் போவதும் வனத்துறைக்குச் சொல்வதும்தான் வழி. இதற்கு வால்பாறை நல்ல உதாரணம். அங்கே யானை ஆய்வாளர் ஆனந்தகுமாரும் அவர் குழுவினரும் கம்பங்களில் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளை வைத்தார்கள். பக்கத்தில் யானை நின்றால் ஊர்க்காரர்களே செல்போன் மூலம் அதை எரிய வைப்பார்கள். வீடு திரும்புகிறவர் தூரத்திலேயே பார்த்து நின்றுவிடுவார். அவருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது. யானையின் மேல் ஒளியடிக்கும் பெரிய விளக்கை விட, மனிதனுக்குச் சேதி சொல்லும் சின்ன விளக்கு அங்கே உயிரைக் காக்கிறது.

உண்மையான பிரச்சினை எங்கே?

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. சந்தையில் அதிகம் விற்கும் மலிவு சார்ஜ் டார்ச்சைத் திறந்து பாருங்கள். திறக்க முடிந்தால்! பலவற்றில் ஒட்டி வைத்திருப்பார்கள். உள்ளே ஒரு குட்டி 4 வோல்ட் ஈய - அமில பேட்டரி இருக்கும். அதன் சார்ஜிங் சர்க்யூட் என்பது பல நேரம் 230 வோல்ட்டிலிருந்து ஒரு கெப்பாசிட்டர் வழியாக நேரே இறங்குவது. டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. பேட்டரி நிறைந்ததும் நிறுத்தும் ஏற்பாடும் கிடையாது.

ஈய - அமில பேட்டரியைத் தீர்ந்த நிலையில் போட்டு வைத்தால் அதன் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகும். பிறகு சார்ஜ் ஏறாது. இரவெல்லாம் பிளக்கில் விட்டாலும் வீணாகும். வாங்கிய சில மாதத்தில் "லைட்டு போச்சு" என்று சொல்வதன் காரணம் இதுதான். எல்.இ.டி. அப்படியே நன்றாக இருக்கும், சுவிட்ச் நன்றாக இருக்கும். பேட்டரி ஒன்றுக்காக மொத்தமும் குப்பைக்குப் போகும், ஈயத்தோடு சேர்த்து.

2022-ல் மத்திய அரசு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளைக் கொண்டுவந்தது. எல்லா வகை பேட்டரியையும் தயாரிப்பாளரே திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு வகை. விவசாயி தினமும் இரவில் கையில் பிடிக்கும் கருவி எது? டார்ச். ஒட்டி மூடிய டார்ச்சிலிருந்து பேட்டரியைத் தனியாக எடுக்கவே முடியாதென்றால், எந்த விதி வந்து என்ன பயன்?

முன்பு சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போய்த் திரும்பியவர்கள் கோடாலித் தைலத்தோடு ஒரு டார்ச்சும் கொண்டுவருவார்கள். அது பத்து வருடம் வீட்டில் ஆணியில் தொங்கும். பல்பை மாற்றலாம், பேட்டரியை மாற்றலாம், ஸ்பிரிங்கை இழுத்துவிடலாம், சுவிட்சைத் தேய்க்கலாம். வெளிச்சம் குறைவு. ஆனால் உடைமை முழுமை. இன்று வெளிச்சம் பத்து மடங்கு, உடைமை ஆறு மாதம்.

என்ன செய்யலாம்?

வயலுக்குப் போகிறவர்களுக்கு: பேட்டரியைத் தனியே கழற்றி மாற்றக்கூடிய எல்.இ.டி. டார்ச்சை வாங்குவதே நல்லது. சார்ஜ் பேட்டரி இரண்டு ஜோடி இருந்தால் போதும். பல நூறு முறை சார்ஜ் ஏற்றலாம். அந்த டார்ச்சோடு கம்பும், கால் மூடும் செருப்பும் மறக்கக் கூடாது.

மாணவர்களுக்கு: பரணில் கிடக்கும் குண்டு பல்பு டார்ச்சைத் தூக்கி எறியாதீர்கள். பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் பாடத்தில் ஜூல் வெப்ப விதியை எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். அந்த விதி கையில் சுடுவதை உணர 3 வோல்ட் டார்ச்சை விட நல்ல ஆய்வகம் கிடையாது. ஒரு மல்டிமீட்டர் இருந்தால் சுவிட்சில் எவ்வளவு வோல்ட் வீணாகிறது, கட்டை பேட்டரி எப்படி இறங்குகிறது, சார்ஜ் பேட்டரி எப்படி நிற்கிறது என்று அரை நாளில் பார்த்துவிடலாம். சூடான பல்பைப் போட்டுப் பார்க்கிறவர் பாருங்கள், தெரிந்து செய்யுங்கள்.

செய்யும்போது சில எச்சரிக்கைகள்:

1. சாதாரண கட்டை பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. ஒழுகும், வெடிக்கவும் கூடும்.

2. பழையதும் புதியதும், இந்த வகையும் அந்த வகையும் கலந்து போடக் கூடாது. பலவீனமான பேட்டரி தலைகீழாகச் சார்ஜ் ஆகிக் கெட்டுவிடும்.

3. லித்தியம் பேட்டரி 3.7 வோல்ட், நிறைந்தால் 4.2. அதை 1.5 வோல்ட் இடத்தில் போடக் கூடாது. பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத லித்தியத்தை வைத்துப் பரிசோதனையே வேண்டாம். 18650 அளவு பேட்டரியில் 9900 என்று அச்சடித்திருந்தால் அது பொய். நல்ல கம்பெனி பேட்டரியே ஏறக்குறைய 3500 மில்லி ஆம்பியர் மணிதான்.

4. பிளக்கில் மாட்டியிருக்கும் சார்ஜ் டார்ச்சைத் திறக்கவே கூடாது. உள்ளே 230 வோல்ட் நேரடியாக இருக்கலாம்.

5. எரிந்த ஹாலஜன் பல்பை உடனே தொடக் கூடாது. புது பல்பையும் வெறும் விரலால் தொடாமல் துணியால் பிடிக்க வேண்டும். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் அது சீக்கிரம் கெடும்.

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்குப் பதில். வெளிச்சத்தைக் கூட்டலாமா? கூட்டலாம், ஆனால் வெளிச்சத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். அந்தப் பந்தயத்தில் எல்.இ.டி. எப்போதோ ஜெயித்துவிட்டது. டார்ச்சைத் திறந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக என்றால் கட்டாயம் செய்ய வேண்டும். ஒருமுறை அப்படித் திறந்து பார்த்தவர், அடுத்த முறை கடையில் டார்ச் வாங்கும்போது "எத்தனை வாட்?" என்று மட்டும் கேட்க மாட்டார். "இதைத் திறக்க முடியுமா? பேட்டரியை மாற்ற முடியுமா?" என்றும் கேட்பார். நாலு பேர் அப்படிக் கேட்டால் கடைக்காரரும் அப்படிப்பட்ட டார்ச்சையே வாங்கி வைப்பார். கருப்பாநதிப் பக்கம் இராத்திரி வரப்பில் நடக்கிறவருக்கு வேண்டியது அதுதான்.